வானொலியில் எழுந்த இளங்குரல்

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பிவிட்டுச் சற்றே நிற்கின்றார். அந்த நிற்றல் சில நொடிகளே நீடிக்கும். எனினும், வகுப்பின் உயிர் அச்சில நொடிகளில்தான் இருக்கின்றது. மாணவன் நினைக்கின்றான், சொல்லைத் தேடுகின்றான், தயங்குகின்றான், பின்னர் வாய் திறக்கின்றான். அவன் கூறும் விடையைக் கேட்ட பின்னர், தாம் அடுத்துச் சொல்ல எண்ணியிருந்ததை ஆசிரியர் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் வினா எழுப்பும் முறையைக் கற்பிக்கும்போதே, வினாவுக்குப் பின் பொறுத்திருக்கும் முறையையும் சேர்த்துக் கற்பிப்பது இதனால்தான்.

வானொலி அவ்வாறு பொறுத்திருக்கும் இயல்புடையதன்று. நிலையத்திலிருந்து புறப்படும் சொல் ஆயிரமாயிரம் இல்லங்களை ஒரே கணத்தில் சென்றடைகின்றது. ஆனால் அவ்வில்லங்களிலிருந்து ஒரு சொல்லேனும் அதே வழியில் நிலையத்திற்குத் திரும்புவதில்லை. பேசுபவர் ஒருவர், கேட்பவர் பல்லாயிரவர். ஆகவே, குழந்தைகளும் இளைஞர்களும் வானொலியில் பங்கு கொள்கின்றனர் என்று நாம் கூறும்போது, அதன் பொருள் யாது என்று ஆராய வேண்டியிருக்கின்றது. கேட்பதே பங்கு கொள்வதாகுமா? பிறர் எழுதித் தந்ததைப் படிப்பது பங்கு கொள்வதாகுமா? அன்றி, குழந்தை கூறப்போகும் சொல்லுக்காக மறுமுனையில் ஒருவர் காத்திருக்கும்போதுதான் அதனைப் பங்கு என்று சொல்லலாமா? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 1922-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த மாதமே குழந்தைகளுக்கென ஒரு நிகழ்ச்சி பர்மிங்காம் நிலையத்தில் பிறந்துவிட்டது. 'சில்ட்ரன்ஸ் அவர்' என்று பெயர் பெற்ற அந்நிகழ்ச்சி 1964 வரை நடைபெற்றது. கதை சொன்ன அலுவலர்கள் தங்களை 'மாமா' என்றும் 'அத்தை' என்றும் அழைத்துக்கொண்டனர். முகம் காணாத குழந்தையிடம் உறவு கொண்டாடும் இவ்வழக்கம், பின்னர் வேறு பல நாடுகளின் சிறுவர் நிகழ்ச்சிகளிலும் பரவிற்று. தொடக்க ஆண்டுகளில், பிறந்த நாள் கொண்டாடும் குழந்தைகளின் பெயர்களை வானொலியிலேயே படித்து வாழ்த்துக் கூறினர். தன் பெயர் காற்றில் வரக் கேட்ட குழந்தை துள்ளிக் குதித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெயர் ஒலித்ததே அன்றிக் குரல் ஒலிக்கவில்லை.

நம் சென்னையின் கதையும் இதற்கு மிகப் பிந்தியதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி அவர்களின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்பை நடத்தியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அப்பணி நின்றுபோயிற்று. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. மாலை நேர இசையோடு, மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற சிறுவர்களுக்காக இசைப் பாடங்களும் கதைகளும் அதில் இடம்பெற்றன. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் திறக்கப்பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, சென்னைச் சிறுவர்கள் வானொலி வழியே பாடம் கேட்டவர்கள் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

கேட்டல் இழிவானது என்று யான் கூறவில்லை. செவிச்செல்வத்தைத் தலையாய செல்வமாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆனால் கேட்டல் கல்வியின் ஒரு பாதியே ஆகும். கேட்டதைத் தன் சொல்லாக்கித் திருப்பிக் கூறுதல் மற்றொரு பாதி. முதற்பாதியை வானொலி எளிதில் நிறைவேற்றியது. இரண்டாம் பாதிக்குத்தான் வழி காண வேண்டியிருந்தது.

1940-ஆம் ஆண்டில், குழந்தையின் குரலை உலகம் வானொலியில் கேட்கும்படி செய்த இரு நிகழ்ச்சிகள் அமைந்தன. இரண்டும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை.

முதலாவது, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜூன் மாதம் தொடங்கிய 'குவிஸ் கிட்ஸ்' எனும் வினாவிடை நிகழ்ச்சி. ஐந்து சிறுவர் சிறுமியர் வரிசையாக அமர்ந்திருப்பர். நேயர்கள் எழுதியனுப்பிய கடினமான வினாக்களை ஜோ கெல்லி என்பார் படிப்பார். பெரியோரும் திகைக்கும் வினாக்களுக்குச் சிறுவர்கள் நொடியில் விடை கூறுவர். மிகுதியாக விடை கூறியோர் அடுத்த வாரமும் வருவர், ஏனையோர் விலகுவர். இந்நிகழ்ச்சி வானொலியில் 1953 வரை நிலைத்தது. பிற்காலத்தில் டி.என்.ஏ. மூலக்கூற்றின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகி, 1962-இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன், சிறுவராக இருந்தபோது இந்நிகழ்ச்சியில் அமர்ந்தவரே.

இரண்டாவது நிகழ்ச்சி, அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் நிகழ்ந்தது. போர்க்காலம் அது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரிட்டிஷ் நகரங்களின் குழந்தைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து நாட்டுப்புறங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களுக்கு ஆறுதல் கூறுமாறு, 14 வயது நிரம்பிய இளவரசி எலிசபெத், வின்ட்சர் மாளிகையிலிருந்து 'சில்ட்ரன்ஸ் அவர்' நிகழ்ச்சியில் உரையாற்றினார். உரையின் முடிவில், 10 வயதுடைய தங்கை மார்கரெட்டும் சேர்ந்து விடை கூறினார். பின்னாளில் அரசியாகி எழுபது ஆண்டுகள் ஆண்டவரின் முதல் வானொலி உரை, குழந்தை ஒருத்தி குழந்தைகளிடம் பேசிய பேச்சாகவே அமைந்தது.

இவ்விரண்டிலும் இளங்குரல் ஒலித்தது உண்மை. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். இளவரசி படித்தது முன்பே ஆயத்தம் செய்யப்பெற்ற உரை. கேட்ட குழந்தைகளுள் எவரும் அப்போது அவருக்கு மறுமொழி கூற இயலாது. சிகாகோச் சிறுவர்கள் மறுமொழி கூறினர். ஆயினும் அம்மறுமொழி இன்னதுதான் என்பது வினாத்தாளில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அவர்கள் கூறும் புதுச் செய்தியை அறிய எவரும் காத்திருக்கவில்லை. அவர்தம் விரைவைக் கண்டு வியக்கவே காத்திருந்தனர். ஒன்றில் குழந்தை ஆறுதலின் தூதாக நின்றது. மற்றொன்றில் வியப்பின் பொருளாக நின்றது. குழந்தையின் விடை உண்மையாகவே தேவைப்பட்ட ஓரிடத்தை நாம் காண வேண்டுமாயின், இவ்விரு நாடுகளையும் விட்டு ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நடுநிலம் செம்மண் பாலையும் வறண்ட புல்வெளியும் ஆகும். மாடுகளையும் ஆடுகளையும் மேய்க்கும் பண்ணைகள் ஆங்காங்கே இருக்கின்றன. ஒரு பண்ணை வீட்டிற்கும் அடுத்த பண்ணை வீட்டிற்கும் இடையே ஒரு நாட்பயணம் இருப்பதும் அங்கு வியப்பன்று. அங்கே ஒருவர் நோயுற்றால் மருத்துவர் இல்லை. குழந்தை வளர்ந்தால் பள்ளி இல்லை. இவ்விரு குறைகளுள் முதலாவதைப் போக்க முயன்றபோது கிடைத்த கருவியே, பின்னர் இரண்டாவதையும் போக்க உதவியது. அவ்வரலாறு சுவையானது.

ஜான் பிளின் என்னும் கிறித்தவச் சமயப் பணியாளர், மருத்துவரை விமானத்தில் அனுப்பும் திட்டம் ஒன்றை வகுத்தார். 1928-ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் குளோன்கரி எனும் ஊரில் அச்சேவை தொடங்கிற்று. மருத்துவர் பறந்து வருவார். ஆனால் நோயுற்றோர் இருக்கின்றனர் என்னும் செய்தி அவருக்கு எட்டுவது எவ்வாறு? தந்திக் கம்பியும் தொலைபேசியும் பாலையில் இல்லை. வானொலிக் கருவியை இயக்க மின்சாரமும் இல்லை.

அடிலெய்டு நகரத்துப் பொறியாளர் ஆல்பிரெட் டிரேகர் இதற்கு விடை கண்டார். கையால் சுழற்றும் மின்னாக்கியை முதலில் செய்து பார்த்தார். சுழற்றுவதற்கு ஒரு கை வேண்டும். தந்திக் குறிகளைத் தட்டுவதற்கு மற்றொரு கை வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்வது அரிதாயிற்று. ஆகவே, மிதிவண்டியின் மிதிகட்டைகளைப் போன்றவற்றை மேசையின் கீழ்ப் பொருத்தினார். காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும். இரு கைகளும் ஓய்ந்திருக்கும். எளிய சிந்தனைதான், ஆனால் ஒரு கண்டத்தின் உட்பகுதியையே வெளியுலகத்தோடு இணைத்த சிந்தனை. 1929-இல் முதற் கருவி ஆகஸ்டஸ் டவுன்ஸ் என்னும் பண்ணையில் அமைக்கப்பெற்றது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில், தலைமை நிலையத்திலிருந்து பண்ணைக்கு மனிதக் குரலே வரும். பண்ணையிலிருந்து நிலையத்திற்கோ மோர்ஸ் தந்திக் குறிகள் மட்டுமே செல்லும். கேட்பது பேச்சு, கூறுவது குறி. குறிகளைக் கற்க இயலாதோர்க்காக, தட்டச்சுப் பொறியைப் போல எழுத்தை அழுத்தினால் குறி தானே செல்லும் அமைப்பையும் டிரேகர் படைத்தார். 1930-களின் போக்கில் பண்ணைகளிலிருந்தும் பேச்சே செல்லும் நிலை வந்தது. காலப்போக்கில் மிதிகட்டைக்கு மாறாக மின்கலமும் வந்தது. மருத்துவ அழைப்புகள் இல்லாத வேளைகளில் பண்ணைப் பெண்டிர் தமக்குள் பேசிக்கொள்ளவும் நேரம் ஒதுக்கப்பட்டது. ஓயாது கத்தும் 'கலா' என்னும் கிளியினப் பறவையின் பெயரால் அந்நேரத்தை அழைத்து மகிழ்ந்தனர். இவ்வுரையாடல்களைச் செவிமடுத்தவாறே அங்குள்ள குழந்தைகள் வளர்ந்தனர்.

அக்குழந்தைகளின் கல்வி அஞ்சல் வழியே நடந்தது. பாடத்தாள்கள் தபாலில் வரும். தாயோ, அமர்த்தப்பெற்ற ஒரு பெண்ணோ உடனிருந்து கற்பிப்பார். எழுதிய விடைகள் தபாலில் செல்லும். திருத்தம் பெற்று மீளுவதற்குள் வாரங்கள் கழியும். தவறு செய்த கணத்தில் திருத்துவாரும் இல்லை. நன்கு செய்த கணத்தில் பாராட்டுவாரும் இல்லை. அதனினும் பெருங்குறை, வகுப்புத் தோழர் என்று ஒருவரும் இல்லாமை. தன்னைப் போல் பிறரும் இதே கணக்கில் இடறுகின்றனர் என்று அறியாத குழந்தை, இடறியது தான் ஒருவனே என்று எண்ணிச் சோர்வது இயற்கை.

இக்குறையைக் கண்டு வழி வகுத்தவர் ஓர் ஆசிரியை. அடிலெய்டு மீத்கே என்னும் அப்பெருமாட்டி, பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பறக்கும் மருத்துவர் சேவையின் தென் ஆஸ்திரேலியப் பிரிவில் பொறுப்பு வகித்தவர். கல்வி, வானொலி என்னும் இரு துறைகளும் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். பாலைநிலத்துக் குழந்தைகள் மருத்துவ வானொலியை அச்சமின்றி இயக்கப் பழகியிருப்பதை 1940-களின் இடைப்பகுதியில் அவர் கண்டார். நோயைக் கூறுவதற்குப் பயன்படும் கருவி, பாடத்தைக் கூறுவதற்குப் பயன்படாதா என்று வினவினார். அவ்வினாவின் பயனாக 1950-இல் வெள்ளோட்டப் பாடங்கள் நடைபெற்றன. 1951-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் 'ஸ்கூல் ஆப் தி ஏர்' என்னும் வான்வழிப் பள்ளி முறைப்படி திறக்கப்பெற்றது.

தொடக்கத்தில், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பாடம் நடந்தது. ஆசிரியர் பேசினார், குழந்தைகள் கேட்டனர். அதாவது, ஏனைய வானொலிகளைப் போன்றே இதுவும் ஒருவழிப் பாதையாகவே புறப்பட்டது. ஆனால் விரைவிலேயே, பாடத்தின் இறுதியில் வினாவிடைக்கென நேரம் ஒதுக்கினர். அந்நேரம் வளர்ந்து வளர்ந்து, பாடத்தின் உள்ளேயே புகுந்துவிட்டது. பாடத்திற்கு ஒட்டாக வந்த வினாவிடையே பாடத்தின் உடலாக மாறிய இம்மாற்றந்தான் இவ்வரலாற்றின் உயிர்நிலை என்று யான் கருதுகின்றேன்.

அப்பள்ளியின் ஒரு பாடம் எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குறித்த நேரத்தில் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் ஒரு குழந்தை கருவியின் முன் அமர்கின்றது. ஆசிரியர் வணக்கம் கூறி ஒவ்வொருவராக அழைக்கின்றார். அக்கருவியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச இயலும். பொத்தானை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் கேட்கலாம். பேசி முடித்தவர் 'ஓவர்' என்று கூறிப் பொத்தானை விட வேண்டும். இருவர் ஒருங்கே அழுத்தினால் எவர் பேச்சும் விளங்காது. இடியும் மின்னலும் உள்ள நாட்களில் இரைச்சல் மிகும். சொன்னதையே பன்முறை சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஓரிரு முறையே வாய்ப்புக் கிட்டும்.

இக்கட்டுப்பாடுகள் குறைகளாகத் தோன்றலாம். ஆனால் ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இவற்றின் நன்மையை உடனே உணர்வர். பிறர் பேசும்போது பொறுத்திருக்க அவை பழக்கின. தன் முறை சிறிதாகையால், கூற வேண்டுவதை முன்னரே எண்ணிச் சுருங்கச் சொல்லவும், தெளிவாக உச்சரிக்கவும் பழக்கின. மற்றொரு வீட்டில் உள்ள குழந்தை கூறும் விடையைக் கேட்டு, 'நானும் இதையே நினைத்தேன்' என்றோ, 'எனக்கு இது தோன்றவில்லையே' என்றோ எண்ணும் வாய்ப்பை அளித்தன. பல நூறு கிலோமீட்டர் இடைவெளியில் அமர்ந்திருந்தோர், ஒரு வகுப்பாயினர். பாடத்தைவிட இதுவே அக்குழந்தைகள் பெற்ற பெரும்பேறு.

குழந்தையின் விடை அங்கே அலங்காரமன்று என்பதையும் நோக்குங்கள். ஆசிரியர் முகத்தைக் காண இயலாதவர். மாணவன் விழிப்பதையோ, நெற்றியைச் சுருக்குவதையோ அறிய அவருக்கு வழியில்லை. பாடம் விளங்கிற்றா என்பதை அறிய, குழந்தையின் குரல் ஒன்றே அவருக்குச் சான்று. அக்குரல் வாராவிடில் அடுத்த படிக்கு அவர் செல்ல முடியாது. பேசுபவருக்குக் கேட்பவரின் குரல் இன்றியமையாததாகும்போது, கேட்பவர் உண்மையில் பங்காளர் ஆகிவிடுகின்றார்.

ஆண்டுதோறும் குறித்த சில வேளைகளில் இக்குழந்தைகள் நகரத்திற்கு வந்து கூடுவதும் வழக்கமாயிற்று. குரலால் மட்டுமே அறிந்த தோழரை முகத்தால் அறியும் நாள் அது. 1956-இல் புரோக்கன் ஹில் நகரத்திலும், 1966-இல் கேத்தரின் நகரத்திலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளியின் எல்லை ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பர். நம் தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். பத்துத் தமிழ்நாடுகள் அடங்கும் வகுப்பறை அது! 2000-க்குப் பிந்திய முதற் பத்தாண்டில் அங்கே சிற்றலை வானொலிக்கு மாறாகச் செயற்கைக்கோள் வழி இணையம் வந்துவிட்டது. இன்று ஆசிரியரும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். கருவி மாறிற்று; வினாவும் விடையும் மாறி மாறி நடக்கும் முறை மாறவில்லை.

வரலாறு எழுதுவோன் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தல் தகாது. இப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் பயன் பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரான பண்ணையாளரின் பிள்ளைகளே. அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வரும் தொல்குடி மக்களின் குழந்தைகள், நெடுங்காலம் இவ்வானலைக்குப் புறத்தேயே நின்றனர். வானொலிக் கருவி இருந்த வீட்டிற்கே பள்ளி வந்தது. வீடே இல்லாதவனை அது தேடிச் செல்லவில்லை. 1980-இல் அதே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் தொல்குடி மக்கள் தமக்கென ஓர் ஊடகச் சங்கத்தை நிறுவித் தம் மொழிகளிலேயே ஒலிபரப்பத் தொடங்கினர். ஒரு குழந்தை பேசுவதற்குக் கருவி வேண்டும். அதனோடு, தன் தாய்மொழி அக்கருவியில் ஒலிக்கும் உரிமையும் வேண்டும் என்பதை அவ்வூரின் இரு வரலாறுகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

இனி, அதே நாட்டின் நகரங்களையும் கிராமங்களையும் ஒருங்கே தழுவிய வேறொரு முயற்சியைக் காண்போம். ஆஸ்திரேலிய அரசு வானொலி, 1941-ஆம் ஆண்டு சனவரி மாதம் தன் சிறுவர் நிகழ்ச்சியில் 'ஆர்கோனாட்ஸ் கிளப்' என்னும் கழகத்தை நாடளாவிய அளவில் அமைத்தது. மெல்போர்ன் நகரில் நீனா மர்டாக் என்னும் எழுத்தாளர் 1933-இல் தொடங்கிச் சிறிது காலம் நடத்திய கழகமே அதற்கு வித்து. கிரேக்கப் புராணத்தில் ஜேசன் என்னும் வீரன் பொற்கம்பளியைத் தேடி 'ஆர்கோ' என்னும் கப்பலில் சென்றான் அல்லவா? அக்கதையின் வழி, உறுப்பினராகும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கப்பலின் பெயரும், அக்கப்பலில் துடுப்பு வலிப்போர் ஐம்பதின்மருள் ஓர் எண்ணும் அளிக்கப்பட்டன. வானொலியில் அக்குழந்தையின் இயற்பெயர் வாராது. கப்பற்பெயரும் எண்ணுமே வரும்.

உறுப்பினர் கதை எழுதுவர், கவிதை புனைவர், ஓவியம் தீட்டுவர், இசை அமைப்பர். எல்லாம் தபாலில் நிலையத்திற்குச் செல்லும். அங்கே துறை அறிந்த பெரியோர் அவற்றை ஆராய்வர். புகழ்பெற்ற கவிஞர் ஏ. டி. ஹோப், 'ஆன்டனி இங்க்வெல்' என்னும் புனைபெயரில் சிறுவரின் எழுத்துகளைத் திறனாய்ந்தார். ஓவியர் ஜெப்ரி ஸ்மார்ட், 'பிடியாஸ்' என்னும் கிரேக்கச் சிற்பியின் பெயர் பூண்டு ஓவியங்களைப் பற்றிப் பேசினார். பியானோ வல்லுநர் லின்ட்லி எவன்ஸ் இசையைக் கவனித்தார். ஒலிபரப்பத்தக்க படைப்புகளுக்குச் சான்றிதழ்கள் உண்டு. அவை பெருகப் பெருக உயர்ந்த பட்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றன் பெயர் 'பொற்கம்பளி'. 1950-ஆம் ஆண்டளவில் உறுப்பினர் தொகை 50,000-ஐத் தாண்டியிருந்தது. 1972 வரை அக்கழகம் வாழ்ந்தது.

இதில் உள்ள சிறப்பு யாது? இவ்வுறுப்பினருள் பெரும்பாலோரின் குரல் வானொலியில் ஒலிக்கவே இல்லை. ஒலித்தது அவர்களுடைய சொல். வின்ட்சர் மாளிகையில் நாம் கண்டது குழந்தையின் குரல். இங்கே காண்பது குழந்தையின் கருத்து. பெயரை நீக்கி எண்ணை அளித்தமையால், செல்வர் வீட்டுப் பிள்ளையும் எளியோர் வீட்டுப் பிள்ளையும் ஒரே கப்பலில் துடுப்பு வலித்தனர். இன்னாருடைய மகன் என்பதற்காக ஒரு கவிதையைப் புகழ இடமில்லை. மேலும், தேர்ந்த கவிஞர் ஒருவர் பத்து வயதுச் சிறுமியின் நான்கு வரிகளைப் பொருட்படுத்திப் படித்து, இன்ன சொல் நன்று, இன்ன சொல் தளர்ந்தது என்று கூறுவது வெறும் பாராட்டினும் உயர்ந்த மதிப்பாகும். திருத்தம் பெறும் தகுதி, பொருட்படுத்தப் பெற்றோர்க்கே உண்டு.

உலக நாடுகளும் மெல்ல மெல்ல இக்கருத்தை ஏற்றன. ஐக்கிய நாடுகள் அவை 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைத் தொடும் செய்திகளில் தன் கருத்தைக் கூறக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கின்றது; அக்கருத்துக்குக் குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்க வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பேசும் உரிமையோடு, பேச்சு மதிக்கப்பெறும் உரிமையும் அதில் பிணைக்கப்பட்டிருப்பதைக் காண்க. இந்தியா 1992-இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில், இளைஞர்க்கெனத் தனி நிகழ்ச்சியாக 'யுவவாணி' 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தில்லி நிலையத்தில் தொடங்கிற்று. தமிழ் நிலையங்களில் 'இளைய பாரதம்' என்னும் பெயரில் அது வழங்கிற்று. இளைஞரே பேசவும், இளைஞரே நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கவும் அது இடம் தந்தது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 'அண்ணா எப்.எம்.' தொடங்கப்பெற்றது. நாட்டின் வளாகச் சமுதாய வானொலிகளுள் முதலாவது அது. அங்கே மாணவர்கள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததோடு நில்லாது, சுற்றுப்புறக் குடியிருப்புகளின் மக்களையும் பேசச் செய்தனர். கேட்போராய் இருந்த இளைஞர், பிறரைக் கேட்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். இது பங்கேற்பின் முதிர்ந்த நிலை.

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, எந்தச் சிறுவர் நிகழ்ச்சியையும் உரைத்துப் பார்ப்பதற்கு மூன்று வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஒலிக்கும் குரல் குழந்தையுடையதாயின், சொல்லும் அதனுடையதுதானா? இரண்டாவது, அக்குழந்தை பேசும்போது, அதன் திறமையைக் கண்டு வியப்பதற்காக மட்டுமன்றி, அது கூறுவதை அறிவதற்காகவும் எவரேனும் கேட்கின்றனரா? மூன்றாவது, குழந்தை கூறிய பின்னர், நிகழ்ச்சியில் ஏதேனும் ஒன்று அதனால் மாறுகின்றதா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், அந்நிகழ்ச்சி சிறிதாயினும் உயர்ந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆசிரியர் இரைச்சலுக்கிடையே செவியைத் தீட்டிக் கேட்ட ஒரு சிறுவனின் 'எனக்கு விளங்கவில்லை' என்னும் சொல், இத்தேர்வில் முழு மதிப்பெண் பெறும். ஏனெனில், அச்சொல்லால் பாடமே திசை மாறியிருக்கும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர்க்கு வானொலி நிலையத்தில் பேசும் வாய்ப்பு வரலாம். அப்போது, பெரியோர் எழுதித் தரும் உரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் எளிய வழியை நாடாதீர்கள். உங்கள் ஊர் ஏரியைப் பற்றியோ, உங்கள் பள்ளிக்கு வரும் வழியைப் பற்றியோ, நீங்கள் கண்டதை உங்கள் சொல்லில் எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு செல்லுங்கள். அத்தகைய வாய்ப்பு வாராதோரும் வாளா இருக்க வேண்டுவதில்லை. கேட்ட நிகழ்ச்சியில் எது நன்று, எது விளங்கவில்லை, எதனை விரும்புகின்றீர்கள் என்று நிலையத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முகம் காணாத நேயர்க்காகப் பேசும் ஒவ்வொருவரும், அந்த ஒரு கடிதத்தை எதிர்நோக்கியே இருக்கின்றனர்.